ஒரே டெண்டில் படுத்தவன் ஏன் சொல்லவில்லை?

கேள்வி:

டாக்டர், வணக்கம். எனக்கு 46 வயது. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். கோவையில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்த நாங்கள் நான்கு பேர், 2001-ல் கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு, சித்ரா பௌர்ணமி சமயம் வெள்ளியங்கிரி ஏறினோம். கையில் இருந்த காசு பஸ்ஸுக்கும் மூங்கில் தடிக்கும்தான் சரியாக இருந்தது. ஏழாவது மலையில் விடிகாலைக் குளிரில் ஒரே போர்வைக்குள் நான்கு பேரும் உட்கார்ந்துகொண்டு, "வருஷத்துக்கு ஒரு தடவை, நாலு நாள், எவனுக்குக் கல்யாணம் ஆனாலும் சரி" என்று பேசி வைத்தோம். கொரோனா காலத்து இரண்டு வருடம் தவிர இன்றுவரை தவறியதில்லை. அகத்தியர்கூடம், கேதார்காந்தா, மணாலியிலிருந்து லே வரை புல்லட் எல்லாம் போய் வந்துவிட்டோம்.

போன வருடம் மார்ச்சில் மறுபடியும் வெள்ளியங்கிரி. ஐந்தாவது மலையில் ஒருவன், கோவையில் இருப்பவன், எங்களில் எப்போதும் முதல் ஆளாக ஏறுகிறவன், டார்ச் பேட்டரி மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தான். பத்து நிமிடமாகியும் எழுந்திருக்கவில்லை. விக்ஸ் தேடி அவன் பையில் கைவிட்டேன். சார்பிட்ரேட் மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. அதில் இரண்டு மாத்திரை இல்லை. கேட்டதற்கு "அப்பாவோடது" என்றான். அப்புறம் எழுந்து ஏறி முடித்துவிட்டான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் மனைவிக்கு போன் செய்தேன். ஏழு மாதம் முன்பே ஆஞ்சியோ செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கெல்லாம் தெரியும், பாத்துக்குவீங்கன்னு நெனச்சுத்தானே அண்ணா அனுப்புனேன்" என்று அழுதார். அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டேன். "இத்தனை வருஷம் ஒரே டெண்ட்ல படுத்திருக்கோம், நாங்க என்ன உனக்கு வெறும் டூர் பார்ட்னரா?" என்று கேட்டேன். அதிலிருந்து பத்து மாதமாகப் பேச்சு இல்லை. வாட்ஸப் குரூப்பில் ப்ளூ டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

25-வது வருடத்துக்கு, வருகிற ஏப்ரலில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக அட்வான்ஸ் கட்டியிருக்கிறோம். மற்ற இருவரும், "அவனால் எப்படியும் முடியாது, மூணு பேர் போலாம்" என்கிறார்கள். என் மனைவியோ, "ஒருத்தருக்கொருத்தர் உடம்பு கூடத் தெரியாத நீங்க என்ன ஃபிரண்ட்ஸ்?" என்று கேட்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை. அவன் எங்களை நம்பவில்லையா? நாங்கள் போவதா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள திருப்பூர் நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் நண்பரின் மனைவி அழுதுகொண்டே சொன்ன அந்த ஒரு வரியைத்தான். நண்பர்களுக்குத் தெரியும், பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ஏதாவது என்றால் வீட்டிலிருந்து தகவல் வரும் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் அப்படி நம்பிக்கொண்டிருந்த நடுவில், அந்த மனிதர் தன்னந்தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏழு மலை ஏறியிருக்கிறார். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் இதில் இருக்கிறது.

நட்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு மருத்துவனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்டையில் இரண்டு மாத்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சார்பிட்ரேட் என்பது நெஞ்சுவலி வரும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை. ஸ்டென்ட் வைத்த பிறகும் ஒருவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது என்றால், அன்றைக்கு மலையிலோ அதற்கு முன்போ வலி வந்திருக்கலாம். அதை அவருடைய இதய மருத்துவரிடம் சொன்னாரா? உங்களிடம் மறைத்தவர் டாக்டரிடமும் மறைத்திருக்க வாய்ப்பு உண்டு. வைத்த இடத்திலேயே மறுபடி அடைப்பு வரலாம், வேறு குழாயிலும் வரலாம், பரிசோதித்தால்தான் தெரியும். பத்து மாதமாகப் பேச்சு இல்லை என்கிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவாவது நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறியோ மாரடைப்பிலோ யாராவது இறந்துபோன செய்தியை சீசன் நேரத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் எச்சரிக்கிறது. உயரம் அங்கே பெரிய பிரச்சினை இல்லை, இரண்டாயிரம் மீட்டர்கூடக் கிடையாது. தூக்கமில்லாத ராத்திரியில் செங்குத்தான படியில் மணிக்கணக்காக இதயத்துக்குக் கொடுக்கிற வேலைதான் ஆபத்து. அதிலும் மேலே ஒன்று ஆகிவிட்டால் ஆம்புலன்ஸ் கிடையாது, டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அவர் செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, எழுதும்போது நீங்கள் கவனிக்கவில்லை போல. "எங்களில் எப்போதும் முதல் ஆளாக ஏறுகிறவன்." நான்கு பேர் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு இடம் இருக்கும். ஒருவர் டிக்கெட் போடுவார், ஒருவர் கணக்குப் பார்ப்பார், ஒருவர் எல்லோரையும் சிரிக்க வைப்பார். இவருடைய இடம் முன்னால் போவது. பாம்பாட்டிச் சுனையில் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது தண்ணீர் பாட்டிலோடு அங்கே உட்கார்ந்திருக்கிற ஆள் அவர்தான், இல்லையா? 21 வயதிலிருந்து அந்த இடத்தில் இருந்தவருக்கு, இனிமேல் நீ பின்னால் வா என்றால், வெறும் வரிசை மாறியதாகத் தோன்றாது. கூட்டத்திலேயே தனக்கு இடமில்லை என்று தோன்றும். யாரும் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்பது அவர் புத்திக்குத் தெரியும், மனசுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்துவிட்டு வீடு திரும்பும் நாற்பத்தைந்து வயது ஆணின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று என் அறையில் நிறையக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டில் உப்புக் குறைந்துவிடும், மாடிப்படியில் கால் வைத்தால் "மெதுவா" என்று நான்கு குரல் வரும், ராத்திரி புரண்டு படுத்தால் மனைவி எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார், அம்மா பூஜை அறையில் அழுவார், மகன் சட்டென்று மரியாதையாகப் பேச ஆரம்பிப்பான். அன்புதான், ஆனால் அந்த அன்பு ஒவ்வொரு நிமிடமும் நீ நோயாளி, நீ நோயாளி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவருக்கு ஏழு மாதம் அப்படிப் போயிருக்கிறது. அதை மறந்து நான்கு நாள் பழைய ஆளாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் உங்கள் கூட்டம். உங்களிடமும் சொல்லிவிட்டால் அந்த இடமும் ஆஸ்பத்திரி ஆகிவிடும் என்று பயந்திருப்பார். உங்களை நம்பாமல் அவர் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. உங்கள் கண்ணில் மட்டுமாவது மாறாமல் இருக்க ஆசைப்பட்டிருக்கிறார். அதற்கு அவர் கொடுக்கப் பார்த்த விலை மிக அதிகம், ஆனால் ஆசை நியாயமானது.

சரி, உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். நல்ல கேள்வி, அவர் மேல் கோபப்படாதீர்கள். இங்கிலாந்தில் சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி முடித்து வேறு ஊர்களுக்குப் போன மாணவ மாணவிகளை 18 மாதம் தொடர்ந்து கவனித்து, யாருடைய பழைய நட்பு வாடுகிறது, யாருடையது நிற்கிறது என்று பார்த்தார்கள். 2015-ல் அது வெளிவந்தது. பெண்கள் விஷயத்தில் நட்பைக் காப்பாற்றியது பெரும்பாலும் பேச்சு. ஆண்கள் விஷயத்தில் பேச்சு அவ்வளவாக உதவவில்லை, சேர்ந்து எதையாவது செய்வதுதான் உதவியது. விளையாட்டோ, ஊர் சுற்றலோ, ஏதோ ஒன்று. எல்லா ஆணும் அப்படி, எல்லாப் பெண்ணும் இப்படி என்று இதற்கு அர்த்தமில்லை, சராசரிக் கணக்குதான். ஆனாலும் உங்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கல்லூரி முடித்து ஊர் ஊராகப் பிரிந்த எத்தனையோ கூட்டம் மூன்று கல்யாணம், இரண்டு கிரகப்பிரவேசத்தோடு கலைந்து போய்விட்டது. உங்களுடையது நிற்கிறது என்றால் வருடா வருடம் தோளில் பை மாட்டியதால்தான். கணக்குப் போட்டுப் பாருங்களேன், 23 பயணம், நாலு நாலு நாள், தூங்கும் நேரத்தைக் கழித்தாலும் 1,400 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர், முன்பின் தெரியாத இருவர் நெருங்கிய நண்பராக எவ்வளவு நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஆராய்ந்து 2018-ல் எழுதினார். அவர் சொன்னது 200 மணி நேரத்துக்கு மேல். நீங்கள் ஏழு மடங்கு தாண்டிவிட்டீர்கள். அதனால் இது நட்புதானா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் உங்கள் மனைவி சுட்டிக்காட்டுகிற ஓட்டை உண்மையில் இருக்கிறது. சேர்ந்து செய்வது நட்பை வாட விடாமல் வைத்திருக்கும். ஒருவருக்குள் என்ன நடக்கிறது என்பதை அது தானாகச் சொல்லிவிடாது. எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்று இரண்டு ஆங்கிலேயர்கள். 1930-ல் கென்யாவில் சேர்ந்து மலையேற ஆரம்பித்து, 1934-ல் யாராலும் நுழைய முடியாமல் இருந்த நந்தாதேவி மலை வளையத்துக்குள் ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கு வழியாகப் புகுந்தவர்கள். மாதக்கணக்கில் ஒரே கூடாரம், ஒரே பாத்திரத்துச் சோறு. ஒருநாள் ஷிப்டன், என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடேன் என்று கேட்டாராம். டில்மன் தலையைக் குனிந்துகொண்டு, அது அசட்டுத்தனமாக இருக்கிறது என்றாராம். ஷிப்டனே எழுதியிருக்கிறார். அறுந்து விழுந்தால் ஒரே கயிற்றில் சேர்ந்து போகத் தயாராக இருந்த இருவருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம்! நம் ஊரில் டேய், மச்சான், மாப்ளே எல்லாம் தாராளமாக வரும். அதற்கு அடுத்த வார்த்தை வராது. இரண்டு ரவுண்டு போன பிறகு ராத்திரி ஒருவன் எதையோ சொல்லி அழுவான், காலையில் எழுந்ததும் சொன்னவனும் கேட்டவனும் அப்படி ஒன்று நடக்கவே இல்லாத மாதிரி பையைக் கட்டுவார்கள். எத்தனை கூட்டத்தில் இது நடக்கிறது தெரியுமா? அந்தக் காலையில் ஒருவன், "நேத்து சொன்னியே, அது என்னாச்சு?" என்று கேட்டிருந்தால் பல பேர் என் அறைக்கு வரும் நிலைமையே வந்திருக்காது.

என் கதையையும் சொல்கிறேன். பொள்ளாச்சியில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர் நாங்கள். 1993-லிருந்து வருடத்துக்கு ஒருமுறை பைக்கில் வால்பாறை, டாப்ஸ்லிப், மேகமலை என்று போவோம். நடுவில் ஒருவன் மூன்று வருடம் வரவில்லை. ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை, ஒரு வருடம் மச்சினன் வீட்டு விசேஷம், மூன்றாவது வருடம் லீவு இல்லை. ஆள் மாறிவிட்டான், சம்சாரத்துக்குப் பயந்துவிட்டான் என்று நாங்கள் நான்கு பேரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன், தினமும் பத்துப் பேரின் மனக்கஷ்டத்தைக் கேட்பது என் தொழில், அந்த நான்தான். ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். கையில் ஒரு மஞ்சள் பை, காலில் ரப்பர் செருப்பு. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திரும்பப் பஸ்ஸுக்குள்ளேயே ஏறப் பார்த்தான். அந்த அசைவை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கொப்பரை வியாபாரத்தில் அடி விழுந்து மூன்று வருடம் முன்பே பைக்கை விற்றிருக்கிறான். பைக்கில் போகிற கூட்டத்தில், பைக் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "பின்னாடி உக்காந்து வர்றதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுடா" என்றான்.

அடுத்த வருடம் நாங்கள் பைக்கை எடுக்கவே இல்லை. ஐந்து பேரும் பஸ்ஸில் வால்பாறை போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஜன்னலோரம் உட்கார்ந்து முதன்முறையாக நிதானமாகப் பார்த்தோம். அன்றிலிருந்து மாதாமாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு கணக்கில் போடுகிறோம். முடியாதவன் போட வேண்டாம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது கணக்கு பார்க்கிற ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் வாயைத் திறக்க மாட்டான். பயணச் செலவு அதிலிருந்துதான். இதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் சின்னச் செலவு இல்லை, உங்கள் நால்வரில் இதயத்தை மறைத்தவர் ஒருவர் என்றால் பர்ஸை மறைக்கிறவர் இன்னொருவர் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஏப்ரல் பயணத்துக்கு வருகிறேன். "அவனால் எப்படியும் முடியாது" என்று மற்ற இருவரும் சொல்கிறார்களே, அதை யார் முடிவு செய்தது? ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்க மலைப் பக்கம் போகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவருக்கு வைத்து ஏப்ரலில் ஏறக்குறைய 20 மாதம் ஆகியிருக்கும். டிரெட்மில் டெஸ்ட், எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, எந்த உயரம் வரை, எவ்வளவு வேகம் என்று அவருடைய இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ அல்ல. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். லேயில் இறங்கி முதல் நாள் பை தூக்கவே திணறியிருப்பீர்கள், அது 3,500 மீட்டர், இதய நோய் இல்லாதபோது. அதுபோக, நெஞ்சில் சுருக்கென்று ஒன்று வந்தால் அது உயரத்தினாலா, அடைப்பினாலா என்று அந்த இடத்தில் யாராலும் சொல்ல முடியாது. அவர் இருக்கிற நிலையில், வலியை மறைக்கும் பழக்கமும் சேர்ந்திருக்க, டாக்டர் சரி என்றாலும் இந்த ஏப்ரலுக்கு நான் தயங்குவேன்.

அப்படியானால் மூன்று பேர் போகலாமா? என்னைக் கேட்டால் 25-வது வருடத்துக்கு அது வேண்டாம். இன்னொரு வருடம் மூன்று பேர் போங்கள், அவர் வாயால் "போயிட்டு வாங்கடா" என்று சொன்ன பிறகு போங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பத்து மாதமாகப் பேசாமல் இருக்கிற ஒருவரை விட்டுவிட்டு, அவரும் சேர்ந்து போட்ட சபதத்தின் 25-வது வருடத்தை மூன்று பேர் கொண்டாடி போட்டோ போட்டால், அவர் எதைப் பயந்து மறைத்தாரோ அதை நீங்களே செய்து காட்டியதாக ஆகிவிடும். ஏற முடியாதவனுக்கு இங்கே இடமில்லை என்று அவர் எழுதி வைத்துக்கொள்வார். அட்வான்ஸ் பணம் போனால் போகட்டும், இல்லை தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள்.

மலையேற்றத்தில் ஒரு பழக்கம் உண்டே, உங்களுக்குத் தெரியாததில்லை. கூட்டத்தில் யார் மெதுவோ அவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவர் வேகத்துக்குப் பின்னால் வருவது. பின்னால் விட்டால் அவர் எட்டிப் பிடிக்கிறேன் என்று மூச்சு முட்ட ஓடுவார். அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்கள் நண்பர் அப்போதும் முன்னால்தான் நடப்பார், வேகம் மட்டும்தான் வேறு. உயரத்தைக் குறையுங்கள், நாலு நாளைக் குறைக்காதீர்கள். குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குக் கெடுபிடி அதிகமாகி, இப்போது தமிழக அரசே 2024 அக்டோபரிலிருந்து நாற்பது மலைப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. எளிது என்று போட்டிருப்பதில் இரண்டு பாதையை எடுங்கள். அதற்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். அதுவும் முடியாது என்றால் பரம்பிக்குளத்தில் தங்கி ஆற்றோரம் உட்கார்ந்திருங்கள். எங்கள் ஐவரில் ஒருவனுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. நாங்கள் நடந்துவிட்டு வரும்போது அவன் தங்குமிடத்தில் ரசம் வைத்திருப்பான். அவன் இல்லாமல் இப்போதெல்லாம் யாரும் கிளம்புவதில்லை.

உங்கள் மனைவியிடம் என்ன சொல்வது? நீ கேட்டது சரி, இந்த வருஷம் அதைத்தான் சரிசெய்யப் போகிறேன் என்று சொல்லுங்கள். இருபத்து மூன்று தடவை நீங்கள் நாலு நாள் போய் வந்தபோதெல்லாம், கல்யாணத்துக்குப் பிறகான வருடங்களில், பிள்ளைக்குக் காய்ச்சலோ பட்டறையில் ஆள் வராததோ, அவர்தான் தனியாகப் பார்த்திருப்பார். அவருக்கும் பள்ளி, கல்லூரித் தோழிகள் இருந்திருப்பார்கள். அவர் நாலு நாள் போய் வந்திருக்கிறாரா? இல்லையென்றால் அதையும் இந்த வருடம் ஆரம்பித்து வையுங்கள், வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கணக்கு தீர்ப்பதற்காகச் சொல்லவில்லை. நட்பு எதைக் கொடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அது அவருக்கும் கிடைக்கட்டும் என்றுதான்.

உங்கள் நண்பரிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான் கவனம் வேண்டும். குரூப்பில் எழுதாதீர்கள். மூன்று பேரும் சேர்ந்து போய் எதிரில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணாதீர்கள், ஹோட்டல் டேபிளுக்குக் கூப்பிடாதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் உங்கள் இருவருக்கும் வாய் வராது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வரும், 25 வருடமாக நீங்கள் பழகியது அப்படித்தான். திருப்பூரிலிருந்து கோவைக்கு ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை. லே வரைக்கும் அவரோடு போனீர்கள். அவர் வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? விடிகாலையில் போய் நில்லுங்கள். ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குக் கூட்டிப் போங்கள். சமதளம், சுற்றி வந்தால் இரண்டரை கிலோமீட்டர், களைத்தால் உட்கார பெஞ்சு இருக்கிறது.

நடக்கும்போது முதலில் உங்கள் தப்பைச் சொல்லுங்கள். டூர் பார்ட்னர் என்று கேட்டது அவருக்கு நன்றாகத் தைத்திருக்கும். என்ன சொல்வது என்று தடுமாறினால், இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: "அன்னைக்கு போன்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா. நீ சொல்லலைன்னு கோபம்தான். ஆனா நீ ஒத்தையா அதைச் சுமந்துட்டு ஏறுனியே, அதை நெனச்சா இன்னும் தூக்கம் வரல." அவ்வளவுதான். அப்புறம் நீங்கள் சும்மா நடங்கள். ஒரு சுற்று முழுக்கப் பேசாமல் வந்தாலும் பரவாயில்லை, இடத்தை நிரப்புகிறேன் என்று ஜோக் அடித்துவிடாதீர்கள். அவர் பேச ஆரம்பித்தால், அந்த இரண்டு மாத்திரை எப்போது போட்டது, டாக்டருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் நீங்களே அப்பாயின்ட்மென்ட் வாங்கி, கூடப் போய் வெளியே உட்காருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பத்து மாதம் பதில் போடாமல் இருப்பதற்கு ரோஷம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். தூக்கம் கெட்டிருக்கிறதா, பிடித்த எதிலும் ஆசை இல்லாமல் இருக்கிறாரா, எரிந்து விழுகிறாரா, மாத்திரையைச் சரியாகப் போடாமல் விடுகிறாரா, "நான் இருந்து என்ன" என்ற மாதிரி ஏதாவது பேச்சு வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் தள்ளிப் போடாமல் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், இல்லை அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் இதயம் தேறுவதும் தாமதமாகும்.

நடந்து முடித்ததும் அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் அவர் மனைவி கையால் ஒரு காபி வாங்கிக் குடியுங்கள். உங்களிடம் சொல்லிவிட்டோமே, அதனால்தான் இத்தனையும் ஆனது என்று அந்தப் பெண் பத்து மாதமாகக் குற்ற உணர்ச்சியில் இருப்பார், நீ சொன்னதுதான்மா நல்லது என்று உங்கள் நண்பர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணின் போனை வாங்கி, உங்கள் எண் மட்டுமில்லாமல் மற்ற இருவர் எண்ணும், மூன்று வீட்டுப் பெண்களின் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை நீங்களே பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.